வேலியோரப் பூக்களின் தாவரவியல் பெயரை வாசிப்பது எப்படி?

நாட்டுமருந்துக் கடையில் நெருஞ்சில் கேட்டால் இரண்டு வெவ்வேறு செடிகளின் காய்களில் எதுவும் கைக்கு வரலாம். ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்து செருப்பில் குத்தும் சிறுநெருஞ்சி. மற்றது சதைப்பற்றான இலையோடு நிமிர்ந்து வளரும் யானைநெருஞ்சி. இரண்டும் மஞ்சளாகப் பூக்கும், இரண்டின் காயிலும் முள் உண்டு. ஆனால் இவை ஒரே குடும்பத்துச் செடிகள்கூட இல்லை. நித்தியகல்யாணியின் கதை இதற்கு நேர்மாறானது: ஒரே செடிக்கு ஓரிடத்தில் பட்டிப்பூ என்றும் இன்னோரிடத்தில் சுடுகாட்டுமல்லி என்றும் பெயர். இந்தக் குழப்பத்துக்காகத்தான் தாவரவியல் பெயர் என்று ஒன்று தேவைப்படுகிறது.

பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினத்தையும், இரண்டாவது அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்பதையும் சொல்லும். கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' நூல்தான் இந்த இருசொல் முறைக்குத் தொடக்கப்புள்ளி. அதற்கு முன்பு ஒரு செடியின் பெயரே ஒரு முழு வாக்கியம்போல நீளும். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்து, சிற்றினம் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொற்களையும் தனித்தனியாக அடிக்கோடிட வேண்டும். இங்கே ஒலியை மட்டும் தமிழில் தருகிறோம். இணையத்தில் தேடும்போது ரோமன் எழுத்துகளில்தான் தேட வேண்டும்.

சரி, நெருஞ்சிக்கு வருவோம். சிறுநெருஞ்சி 'ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்'. பழங்காலப் போர்க்களத்தில் எதிரியின் குதிரைகளை முடக்கத் தரையில் இறைக்கும் இரும்பு முள்ளுக்கு ட்ரிபுலஸ் என்று பெயர். நான்கு முனை கொண்ட அதை எப்படி எறிந்தாலும் மூன்று முனைகள் தரையில் ஊன்றி, ஒன்று மேலே நிற்கும். நெருஞ்சிக்காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சிறிய முள்ளும் இருக்கும். ஒரு துண்டை மேசையில் நாலைந்து முறை உருட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். 'டெரஸ்ட்ரிஸ்' என்றால் நிலத்தில் வளர்வது. முள்ளுள்ள காய் காய்க்கும் நீர்ச்செடி ஒன்றையும் முற்காலத்தில் இதே பெயரால் அழைத்ததால், இது தரையில் வளரும் வகை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

யானைநெருஞ்சி 'பெடாலியம் மியூரெக்ஸ்'. மியூரெக்ஸ் என்பது முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடற்சங்கு. இதன் காயில் நான்கு விளிம்புகளும் அவற்றின் அடியில் ஒவ்வொரு முள்ளும் இருக்கும். காய் கிடைக்காவிட்டால் இளந்தண்டு ஒன்றை இலையோடு ஒடித்து ஒரு டம்ளர் தண்ணீரில் சில முறை கலக்குங்கள். தண்ணீர் கொழகொழவென்று ஆனால் அது யானைநெருஞ்சி. சிறுநெருஞ்சிக்கு இந்தக் குணம் இல்லை. அதன் இலை புளிய இலைபோலச் சிற்றிலைகளாகப் பிரிந்தும் இருக்கும்.

பெயரை வாசிப்பது என்பது இவ்வளவுதான். பெயரில் உள்ள சொல் செடியின் எந்தப் பாகத்தைச் சுட்டுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பாகத்தைச் செடியிலேயே சரிபார்ப்பது. அகராதிப் பொருளை மனப்பாடம் செய்து செடியைப் பார்க்காமல் விடுவது பாதி வேலைதான்.

இதற்கு முடக்கத்தான் மிக நல்ல பாடம். 'கார்டியோஸ்பெர்மம்' என்பதில் கார்டியா இதயம், ஸ்பெர்மா விதை. தோசைக்கு இலையைப் பறிக்கும் யாரும் இந்த இதயத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது பலூன்போல உப்பிய காய்க்குள் இருக்கிறது. பச்சைக் காயைப் பிரிக்காதீர்கள். விதை அப்போது பச்சையாகவே இருக்கும், அடையாளம் தெளியாது. பழுப்பேறிக் காகிதம்போல் காய்ந்த காயைக் கிழியுங்கள். மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. மிளகளவுக் கருப்பு விதையில், காயோடு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஓர் இதய வடிவம் தெரியும். இரண்டாம் சொல்லான 'ஹாலிககாபம்' பை போல உப்பிய காயுடைய ஒரு செடிக்குப் பழைய கிரேக்கர் வைத்திருந்த பெயர். ஆக, முதல் சொல் விதையையும் இரண்டாம் சொல் காயையும் பேசுகிறது. பூவைப் பற்றி ஒன்றுமே இல்லை!

பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அந்தோஸ்'. இந்த ஒரு சொல் தெரிந்தால் பல பெயர்கள் திறந்துகொள்ளும். நித்தியகல்யாணியின் 'கேதரான்தஸ்' தூய பூ. நாயுருவியின் 'அகிரான்தஸ்' உமிப்பூ. அதன் கதிரில் பூக்கள் காய்ந்த உமிபோலச் சொரசொரப்பாக ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். கீழாநெல்லியின் 'ஃபில்லாந்தஸ்' இலைப்பூ. இலையிலேயே பூ முளைத்ததுபோல் தோன்றுவதால் அப்படி வைத்தார்கள். உண்மையில் நாம் கூட்டிலை என்று நினைப்பது ஒரு சிறு கிளை. அதில் உள்ள ஒவ்வொரு சிற்றிலையும் தனி இலை. பூவும் காயும் அந்த இலைகளின் கணுக்களில், அடிப்பக்கமாகத் தொங்குகின்றன. கீழாநெல்லி என்று பெயர் வைத்த தமிழரும் பார்த்தது இதே காட்சியைத்தான்.

குறிஞ்சியும் இந்த வரிசைதான். 'ஸ்ட்ரோபிலான்தஸ்' என்றால் கூம்புப்பூ. பூ விரிவதற்கு முன் கதிரில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பது பைன் மரக்காய்போல இருக்கும். நீலக்குறிஞ்சி பூத்திருக்கும்போது இந்த வடிவம் பூக்களுக்குள் மறைந்துவிடும். 2006-இலும் 2018-இலும் மலைக்குப் போனவர்களில் பலர் நீலத்தை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். 2030-இல் போகிறவர்கள் மொட்டு நிலையில் உள்ள கதிர் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம்.

அதன் இரண்டாம் சொல் 'குந்தியானா' ஒரு சிக்கல். சைலன்ட் வேலியில் ஓடும் குந்திப்புழை ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதிவருகிறார்கள். காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கார்ல் சிகிஸ்மண்ட் குந்த் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயர். செடிக்கு முதலில் 'ஃபிளெபோஃபில்லம் குந்தியானம்' என்று பெயரிட்டவர் இன்னொரு ஜெர்மானியரான நீஸ். ஒலி ஒத்துப்போவதை வைத்துப் பொருள் சொல்லும்போது இப்படித்தான் வழுக்கும். முதன்முதலில் பெயரிட்டவர் யார், எந்த நாட்டில் இருந்தவர் என்பதைப் பார்த்துவிட்டால் பாதி ஊகம் தானே உதிர்ந்துவிடும்.

பெயரிட்டவர் யார் என்பது பெயருக்குப் பின்னாலேயே சுருக்கமாக இருக்கும். வெறும் 'எல்.' என்றால் லின்னேயஸ். குறிஞ்சிக்குப் பின்னால் 'நீஸ்' என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும், வெளியே வேறு பெயர் வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயரிட்டவர். வெளியே இருப்பவர் பின்னாளில் அந்தச் செடியை வேறு பேரினத்துக்கு மாற்றியவர். அடைப்புக்குறியைப் பார்த்ததுமே, இந்தச் செடிக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது, பழைய நூல்களில் அப்படித்தான் தேட வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம்.

பேரினம் மாறும்போது இரண்டாம் சொல்லின் வால் மாறுவதும் உண்டு. தமிழருக்கு இது எளிது. வந்தான், வந்தாள், வந்தது என்று எழுவாய்க்கு ஏற்ப நம் வினை முடிகிறதல்லவா, லத்தீனில் அடைமொழி அப்படி முடியும்: ஆண்பாலுக்கு 'அஸ்', பெண்பாலுக்கு 'ஆ', அஃறிணை போன்ற பொதுப்பாலுக்கு 'அம்'. செடியின் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பேரினச் சொல்லின் இலக்கணப் பால் மட்டுமே கணக்கு. நித்தியகல்யாணி 'வின்கா'வாக இருந்தபோது 'ரோசியா', 'கேதரான்தஸ்' ஆனதும் 'ரோசியஸ்'. இரண்டும் ஒன்றே: ரோஜா நிறம். புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் இந்தச் செடியிலிருந்து வந்தவை. செடி பெயர் மாறிப் போய்விட்டது, மருந்துச் சீட்டில் பழைய வின்கா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயல் வரப்பில் ஊதாக் குஞ்சமாகப் பூக்கும் நெய்ச்சிட்டி முன்பு 'வெர்னோனியா சினெரியா', இப்போது 'சயான்திலியம் சினெரியம்'. சாம்பல் நிறம் என்ற பொருள் அப்படியே இருக்க, 'ஆ' போய் 'அம்' வந்திருக்கிறது. முசுமுசுக்கையை ஒரு நூலில் 'மூக்கியா மதராஸ்பட்டானா' என்றும் இன்னொன்றில் 'குக்குமிஸ் மதராஸ்பட்டானஸ்' என்றும் பார்த்தால் இரண்டு செடி என்று எண்ண வேண்டாம்.

மதராஸ்பட்டானா என்றால் வேறென்ன, மதராசப்பட்டினம்தான். மேலாநெல்லியும் 'ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ்'. 'என்சிஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஊர், நாடு, நிலப்பகுதி: 'பெங்காலென்சிஸ்' வங்காளம். ஆளின் பெயரென்றால் 'ஐ' அல்லது 'இயானா' என்று முடிவது வழக்கம். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்து செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் பெயர் 'வைட்டியை', 'வைட்டியானா' என்று தென்னிந்தியச் செடிகளில் அடிக்கடி தட்டுப்படும். ஆனால் இந்த வால்கள் உறுதியான சான்று அல்ல. இடப்பெயர்களும் 'ஆனா' என்று முடிவதுண்டு, மதராஸ்பட்டானாவே அதற்குச் சாட்சி.

இடப்பெயர்கள் பொய்யும் சொல்லும். சாலையோரத்தில் சிறு மஞ்சள் பூவோடு நிற்கும் களை ஒன்றின் பெயர் 'மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம்'. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆகி லத்தீனுக்குள் போயிருக்கிறது. பெயரைப் பார்த்தால் நம் கடற்கரைக்கே உரிய செடி என்று தோன்றும், அதன் தாயகமோ அமெரிக்கக் கண்டம். பெயர் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை மாற்றப் பெயரிடல் விதிகள் அனுமதிப்பதில்லை. பெயர் ஒரு முகவரிச் சீட்டு, அதில் எழுதியது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே 'இண்டிகா' என்று இருந்தால் இந்தியாவுக்கு மட்டுமே உரியது என்றோ, 'ஜெய்லானிகா' என்றால் இலங்கையில்தான் உண்டு என்றோ முடிவு கட்டக் கூடாது. சில பெயர்கள் உண்மையும் சொல்கின்றன. பிரமதண்டின் 'ஆர்ஜிமோன் மெக்சிகானா' மெக்சிகோவிலிருந்து வந்ததேதான்.

நம் மொழிச் சொல்லே லத்தீன் உடுத்துப் போனதும் உண்டு. ஆடாதோடை 'ஜஸ்டிசியா ஆடாதோடா'. கசப்புக்கு ஆடு தொடாத இலை என்று நாம் வைத்த பெயர் அப்படியே சிற்றினப் பெயராகிவிட்டது. முன்சொல் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலையாளரின் நினைவு. இந்தச் செடியைத் தனிப் பேரினமாகப் பிரித்து அதற்கு ஆடாதோடா என்றே பெயர் வைத்தபோது ஒரு தடை எழுந்தது. தாவரங்களில் ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைக்க விதி அனுமதிப்பதில்லை, 'ஆடாதோடா ஆடாதோடா' செல்லாது. அதனால்தான் பழைய மருத்துவ நூல்களில் 'ஆடாதோடா வாசிகா' என்றும் 'ஆடாதோடா ஜெய்லானிகா' என்றும் காண்கிறோம். விலங்குகளுக்கு இந்தத் தடை கிடையாது. நல்ல பாம்பு 'நாஜா நாஜா'.

இப்படி உள்ளூர்ப் பெயர்கள் ஐரோப்பாவுக்குப் போன பெரிய வழி 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுக்க, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. சேர்த்தலையைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் அதற்குச் செடிகளையும் பெயர்களையும் சொன்னவர்களில் முதன்மையானவர்.

அந்த நூலின் சில பகுதிகளுக்குக் குறிப்பு எழுதிய ஜான் காமெலின் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறார். ஈரமான இடத்தில் நீலமாகப் பூக்கும் கானாவாழை 'காமெலினா பெங்காலென்சிஸ்'. பூவை அருகில் பாருங்கள்: இரண்டு இதழ்கள் பெரிதாக நீலத்தில், மூன்றாவது சிறிதாக ஒதுங்கி. காமெலின் குடும்பத்தில் மூன்று தாவரவியலாளர்கள் இருந்தார்கள். இருவர் பெயர் பெற்றார்கள், மூன்றாமவர் எதையும் சாதிக்கும் முன் இறந்துவிட்டார். அதனால் இந்தப் பூ அவர்களுக்குப் பொருத்தம் என்று லின்னேயஸ் 1737-இல் எழுதினார். குறும்பா அஞ்சலியா என்று சொல்வது கடினம். பெயர் சொல்லாத ஒன்றையும் இந்தச் செடியில் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணுக்கடியில் வெளுத்த தண்டுகளில் திறக்காத பூக்கள் பூத்து அங்கேயே விதையாகும். மேலே மட்டும் அறுத்துவிட்டால் களை போகாததற்கு இது ஒரு காரணம்.

இலையைப் பேசும் பெயர்களில் கடற்கரை அடும்பு அழகானது. 'ஐபோமியா பெஸ்-காப்ரே' என்பதன் பின்பகுதி ஆட்டின் பாதம். நடுவில் பிளந்த இலையைப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது. குறுந்தொகையின் 243-ஆம் பாட்டில் இதே இலைக்கு மானின் அடி உவமையாகிறது. ஐபோமியா என்றால் புழுப்போன்றது, நெளிந்து ஊரும் கொடியைச் சொல்வது. இதன் உறவுக்காரியான விஷ்ணுகிராந்தி 'எவால்வுலஸ் அல்சினாய்டிஸ்'. சுற்றிப் படரும் கொடிகளுக்குக் 'கன்வால்வுலஸ்' என்று பெயர். இது எதையும் சுற்றாமல் தரையில் கிடப்பதால் சுற்றுக் கழன்றது என்ற பொருளில் 'எவால்வுலஸ்'. ஒரு பெயரை இன்னொரு பெயரோடு வைத்து வாசித்தால்தான் சில பொருள்கள் துலங்கும். 'ஆய்டிஸ்' என்ற வால் 'போன்ற' என்று பொருள்படும். அல்சைன் என்ற வேறொரு சிறு செடியைப் போன்றது.

தும்பைக்கு விரல் போதும். 'லியூகாஸ் ஆஸ்பெரா': வெள்ளை, சொரசொரப்பு. இலையை நுனியிலிருந்து அடிநோக்கி வருடிப் பாருங்கள். கொழிஞ்சியின் 'டெஃப்ரோசியா' சாம்பல் நிறம், 'பர்ப்யூரியா' ஊதா. முதல் சொல் இலையின் மங்கலான சாம்பல் பூச்சுக்கு, இரண்டாவது பூவுக்கு. லத்தீன் நிறச்சொற்களை ரொம்பவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பர்ப்யூரியாவுக்குள் கருஞ்சிவப்பும் அடங்கும், இளஞ்சிவப்பு கலந்த ஊதாவும் அடங்கும். சங்குப்பூவின் முதல் சொல்லைப் பாடநூல்கள் விளக்காமல் தாவிவிடும். 'கிளிட்டோரியா' பெண்ணுறுப்பின் வடிவை வைத்து இட்ட பெயர், அவ்வளவுதான். 'டெர்னேட்டியா' இந்தோனேசியாவின் டெர்னாட்டே தீவு.

தவறுகள் எங்கே நடக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் பெயரைச் சரியாக மொழிபெயர்த்த பிறகுதான். கைபேசிச் செயலி பேரினத்தைச் சரியாகச் சொல்லிச் சிற்றினத்தில் தவறும். படம் எடுக்கும்போது பூவை முன்னாலிருந்து மட்டும் எடுப்பது இதற்கு ஒரு காரணம். பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், இலையின் இரு புறம், இலை தண்டோடு சேரும் இடம், காய் என்று குறைந்தது ஏழு படங்கள் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் இருந்தால் நல்லது. பழைய பெயரை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. கீழாநெல்லிக்கு 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று நம் மருத்துவ நூல்கள் பலவற்றில் இருக்கும். நிரூரி உண்மையில் அமெரிக்கச் செடி. நம் கீழாநெல்லி 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்', அமாரஸ் என்றால் கசப்பு. லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் இணையப் பட்டியலில் பெயரை இட்டால் இப்போது ஏற்கப்பட்ட பெயர் எது, பழையவை எவை என்று தெரிந்துவிடும்.

ஆபத்தான தவறும் ஒன்று உண்டு: பெயரின் பொருளை வைத்து உண்ணத் தகுமா என்று முடிவு செய்வது. செங்காந்தள் 'குளோரியோசா சுபர்பா', புகழும் பெருமிதமும் சேர்ந்த பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஆனால் அதன் கிழங்கு முதல் விதை வரை கொல்கிசின் என்ற நஞ்சு. கிழங்கை வள்ளிக்கிழங்கு வகை என்று நினைத்து உண்டால் உயிர் போகலாம். பூ இல்லாத காலத்தில் அதை அடையாளம் காட்டுவது இலைநுனி: பற்றுக்கம்பிபோல நீண்டு சுருண்டிருக்கும். பெயரில் இதற்கு ஒரு குறிப்பும் இல்லை. பிரமதண்டின் விதையும் அப்படித்தான். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்தால் உடல் வீங்கும் நோய் வரும்.

பயிற்சிக்குப் பொங்கலுக்கு முதல் நாள் கொங்குநாட்டு வீடுகளில் கூரையில் செருகும் காப்புக்கட்டுக் கொத்து கைகொடுக்கும். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் அதில் இருக்கும். வேம்பு 'அசாடிராக்டா இண்டிகா'. பாரசீகச் சொல் ஒன்றும் இந்தியாவும். பூளை 'ஏர்வா லனாட்டா'. லனாட்டா என்றால் கம்பளி மயிர் போர்த்தது, தொட்டால் தெரியும். ஆவாரை 'சென்னா ஆரிகுலேட்டா', காதுள்ளது. அந்தக் காது பூவில் இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரு பக்கமும் பச்சையாக வட்டமாக விரிந்திருக்கும் இலையடிச் செதில்தான் அது. சந்தையில் கட்டி விற்கும் ஆவாரங்கொத்தில் கீழ் இலைகளை உருவியிருப்பார்கள். அதனால் காதைப் பார்க்க வேண்டுமென்றால் செடியிலிருந்து இலையோடு ஒரு கிளையை ஒடிக்க வேண்டும்.